திங்கட்கிழமை வரிசை

ஓய்வு பெற்ற பிறகு என்னைச் சில பயிற்சி வகுப்புகளுக்குக் கூப்பிடுகிறார்கள். கிராமத்து ஆசுபத்திரிகளில் வேலை செய்யும் இளம் பிள்ளைகள் வந்திருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் உள்ள பலத்தைக் கண்டுபிடித்து, அதற்கேற்ற வேலையைக் கொடுத்து, அப்படியொரு குழுவை எப்படி உருவாக்கினீர்கள் என்று கேட்பார்கள். ஒரு மனிதரின் முகத்தில் கரி பூசுவதற்காகத்தான் எல்லாம் செய்தேன் என்று சொல்வேன். சிரிப்பார்கள். நான் பகிடி விடுவதாக நினைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

நான் பகிடி விடவில்லை. அன்பினாலோ அறிவினாலோ நான் அந்த வேலையைச் செய்யவில்லை. எனக்கு எரிந்தது. வருடக்கணக்காக எரிந்தது.

எழுபத்தேழு கலவரத்தில், தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தை எரித்தார்கள். உடுத்த உடுப்போடு மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தோம். தர்மபுரத்துக்கு அப்பால் காட்டை வெட்டி ஒரு துண்டு நிலத்தில் மண்குடிசை போட்டோம். நான் அதற்கு முன்பே மருத்துவிச்சிப் பயிற்சி முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்துக்குப் பிரசாவுரிமை இருந்தபடியால், அந்தப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றின் சின்ன ஆசுபத்திரியில் அரசாங்க நியமனம் கிடைத்தது. வெள்ளைச் சேலையும் சைக்கிளும் வந்த அன்று அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

ஆசுபத்திரி என்றால் முன்னால் ஒரு நீள விறாந்தை, அதில் நோயாளிகள் இருக்க வாங்குகள், உள்ளே மருந்து கொடுக்கும் அறை, புண் கட்டும் அறை, கடைசியில் பிரசவ அறையும் தாய்மார் படுக்கும் விடுதியும். பின்னால் கிணறும் ஒரு புளியமரமும். அவ்வளவுதான். திட்டத்தில் இரண்டு வகைச் சனம் இருந்தது. வாய்க்காலை ஒட்டிய வயல்காணிகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அதற்கு அப்பால் காட்டோரத்தில் எங்களைப் போல மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். இரண்டு பகுதிக்கும் இந்த ஒரே ஆசுபத்திரி.

அதற்குப் பொறுப்பாக இருந்தவர் ஓர் அப்போதிக்கரி, டொக்டருக்கு ஒரு படி கீழே. சனம் அவரை டொக்டர் என்றுதான் சொல்ல வேண்டும். மறந்துபோய் யாராவது அப்போதிக்கரி என்றால் அன்று அவருக்கு மருந்து தண்ணீராகத்தான் கிடைக்கும். நாங்கள் அவரை ஐயா என்போம். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேர்ட், மடிப்புக் குலையாத மனிதர். வைத்தியம் மோசமில்லை. மனிதர்தான் மோசம்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை காலையில், வாங்குகள் நிறைந்த பிறகு, எங்கள் எல்லோரையும் விறாந்தையில் வரிசையாக நிறுத்துவார். நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொருவருடைய குறையையும் உரத்துச் சொல்வார். பிறகு அந்தக் கிழமைக்கு யாருக்கு என்ன வேலை என்பதை அந்தக் குறையைப் பார்த்தே தீர்மானிப்பார்.

"உனக்கு எது வராதோ அதைத்தான் தருவன். செய்து செய்து வரட்டும்" என்பார்.

எடுபிடி வேலை பார்க்கும் அற்றென்டனுக்கு வாய் மூடாது. ஆகவே அவருக்குப் புண் கட்டும் அறை. அங்கே ஒரு வார்த்தை பேசக்கூடாது. மருந்து கலக்கிறவர் பயந்த சுபாவம், ஒரு குளிசையை எடுத்தால் மூன்று தரம் திருப்பிப் பார்ப்பார், கூட்டத்தைக் கண்டால் கை நடுங்கும். ஆகவே அவருக்கு மருந்து கொடுக்கும் முன் யன்னல், அத்தனை சனமும் முண்டியடிக்கிற இடம். கூட்டிக் கழுவுகிற அக்கா என்னைப் போல மலையகத்துக்காரி. கொழுந்து மலையில் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். அவர் விடுதி வாசலில் மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். என்னைவிட மூத்த மருத்துவிச்சி ஒருவர் இருந்தார். மருத்துவிச்சிகளை மிஸ்ஸி என்பது மரியாதை, அவரைப் பெரிய மிஸ்ஸி என்போம். யாழ்ப்பாணத்துக்காரி. அவருக்கு முழங்காலில் வருத்தம், போதாததற்குப் பிறத்தியார் வீட்டில் தண்ணீரும் வாங்கிக் குடிக்கமாட்டார். ஆகவே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற வேலை அவருக்கு. காட்டோரக் குடிசைகளில் வாசலோடு நின்று மூக்கைச் சுளித்துவிட்டு வந்துவிடுவார். யாரும் அவரிடம் வாய் திறந்ததில்லை.

என்னுடைய குறை என் நாக்கு. நான் பேசுகிற தமிழ் அவருக்குத் தமிழாகப் படவில்லை. ஆகவே தாய்மார் கிளினிக்கில் கூட்டத்துக்கு முன் நின்று புத்தி சொல்கிற வேலை எனக்கு.

ஒரு கிளினிக் நாள். வாங்குகள் நிறைந்திருந்தன. காய்ச்சல் மருந்துக்காக வந்த என் அம்மாவும் கடைசி வாங்கில் இருந்தார். நான் தாய்ப்பாலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மொதப் பாலை பீச்சிக் கொட்டிராதீங்க. மஞ்சளா இருந்தாலும் அதுதான் புள்ளைக்கு நல்லது" என்றேன்.

பின்னாலிருந்து என் குரலிலேயே ஒரு சத்தம் வந்தது. "கொட்டிராதீங்க… பீச்சிராதீங்க…" ஐயா கையை இடுப்பில் வைத்து, இல்லாத கூடையை முதுகில் சுமந்து ஆட்டிக்கொண்டு நின்றார். "பிள்ளை, இது கொழுந்து பறிக்கிற இடமில்லை. இஞ்சை இருக்கிறது மனிசர். மனிசற்றை பாஷையிலை கதை."

வாய்க்கால் பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அது எனக்குப் பழக்கம். காட்டோரத்துப் பெண்களும் சிரித்தார்கள். டொக்டர் பகிடி விட்டால் சிரிக்காமல் இருக்க அவர்களுக்குப் பயம். அதையும் தாங்கியிருப்பேன். கடைசி வாங்கில் என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பெரிய மனிதருக்கு மரியாதை குறையக்கூடாது என்று அந்த மனுஷி தன் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றே கறுவிக்கொண்டேன். இதே விறாந்தையில், இதே வாங்குகளுக்கு முன்னால், இந்த மனிதரை நிறுத்தி, சனம் சிரிக்க வேண்டும். நான் கேட்டதை அவர் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை இந்த இடத்தை விட்டுப் போவதில்லை. அதன் பிறகு ஊர்ப்பக்கம் மாற்றம் வந்தபோதும் நான் போகவில்லை. சனத்தின் மேல் உள்ள பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

பிரசவ அறை காலியாகக் கிடந்ததற்கும் அவர்தான் காரணம். அந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற உடம்புக்கு வேதுத்தண்ணி வார்ப்பார்கள். பாவட்டை, ஆடாதோடை, நொச்சி, வேப்பிலை எல்லாம் போட்டு அவித்த சுடுதண்ணீர். மிளகும் உள்ளியும் அரைத்துச் சரக்குக்கறி கொடுப்பார்கள். எங்கள் சனத்திடமும் அதேபோல ஒரு முறை உண்டு, பெயர்தான் வேறு. ஒருநாள் வாய்க்கால் பக்கத்துத் தாய் ஒருத்தி மகளுக்குச் சரக்குக்கறி கொண்டுவந்தார். ஐயா சட்டியை வாங்கி, அவர் பார்த்திருக்கவே கழிவுநீர்ப் பீலிக்குள் கவிழ்த்தார்.

"இது ஆசுபத்திரி, உங்கடை குசினி இல்லை" என்றார்.

அந்தச் சட்டியோடு எங்கள் பிரசவ அறையும் கவிழ்ந்தது. இரண்டு பகுதிச் சனமும் வீட்டிலேயே பிள்ளை பெறத் தொடங்கியது. சிலரைக் கடைசி நேரத்தில் ட்ரக்ரர் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். வரும்போது எங்களால் செய்ய ஒன்றும் இருக்காது. அதற்கும் திங்கட்கிழமை எங்களுக்குத்தான் ஏச்சு விழும்.

பிறகு அவருக்குக் கிளிநொச்சி டவுனுக்கு உயர்வோடு மாற்றம் வந்தது. போகிற அன்று எங்களை வரிசையில் நிறுத்தி, "நான் போன பிறகு உந்த லேபர் றூமிலை ஆடுதான் கட்டுவியள்" என்றார். சனத்தையும் ஒருமுறை பார்த்துச் சிரித்துவிட்டு வான் வண்டியில் ஏறினார்.

அவருக்குப் பதிலாக நிரந்தரமாக யாரும் வரவில்லை. ஓர் இளம் டொக்டர் கிழமையில் ஓரிரு நாள் வந்து நோயாளிகளைப் பார்ப்பார். மற்ற நிர்வாகமெல்லாம், "உங்களுக்குத் தெரிஞ்சபடி செய்யுங்கோ மிஸ்ஸி" என்று என் தலையில் விழுந்தது. பெரிய மிஸ்ஸிக்கு முழங்கால் வலியோடு அந்தச் சுமை வேண்டாமாம்.

அடுத்த திங்கட்கிழமை நான் வந்தபோது எல்லோரும் விறாந்தையில் வரிசையாக நின்றார்கள். ஏச ஆள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் கால் தானாகப் போய் நின்றிருக்கிறது. வாங்குகளில் சனம் கூத்துப் பார்க்கக் காத்திருந்தது. எனக்கு அந்த இடத்தில்தான் புத்தி வேலை செய்தது. இந்த அற்றென்டன் வாயில் ஒரு செய்தி விழுந்தால் மாலைக்குள் அது டவுனுக்குப் போய்விடும். ஐயாவின் காதில் என்ன விழுந்தால் அவருக்கு அதிகம் எரியும் என்று யோசித்தேன். அவர் குறை சொன்ன அதே இடத்தில், அதே சத்தத்தில், ஒவ்வொருவருக்கும் என்ன நன்றாக வரும் என்பதைச் சொன்னேன்.

அற்றென்டனைப் பார்த்து, "இவரு மாதிரி பேச்சுக் குடுக்க இந்தத் திட்டத்துல ஆள் கெடையாது" என்றேன். "இன்னையிலருந்து வாங்குல சனத்தோட உக்காந்து பேசுறதுதான் இவரு வேலை." வாங்கு குலுங்கியது. அவர் ஏதோ தண்டனை என்று நினைத்து விழித்தார். ஆனால் மத்தியானத்துக்குள் எந்த வீட்டு மருமகள் முழுகாமல் இருக்கிறாள், எந்த வீட்டில் காய்ச்சலை மறைத்து வைத்திருக்கிறார்கள், யார் மருந்தை வாங்கிப்போய்ப் பரணில் போடுகிறார் என்பதெல்லாம் என் கையில் இருந்தது. நான் ஒரு மாதம் சைக்கிள் ஓடினாலும் கிடைத்திராத செய்தி.

மருந்து கலக்கிறவரை யன்னலிலிருந்து எடுத்துப் பின்னறையில் விட்டேன். ஊசி அவிப்பது, கத்தரிக்கோல் அவிப்பது, மருந்தைச் சரிபார்ப்பது. ஒன்றை மூன்று தரம் பார்க்கிற மனிதர் அங்கே தேவாமிர்தம். கட்டிய புண் சீழ் பிடிக்காமல் ஆறத் தொடங்கியது. யன்னலில் அக்காவை நிறுத்தினேன். நீர்ப்பாசனக் கந்தோர் உத்தியோகத்தர் ஒருவர் வழக்கம்போல் வரிசையை வெட்டிக்கொண்டு வந்தார். அக்கா போட்ட சத்தத்தில் வாய்க்காலில் கொக்கு எழும்பியது. அன்றிலிருந்து வாய்க்கால் பக்கம், காட்டோரம் என்ற பேச்சு வரிசையில் இல்லை. முதலில் வந்தவர் முதலில்.

பெரிய மிஸ்ஸியைப் பிரசவ அறைக்குள் உட்கார வைத்தேன். அவர் கை தங்கமான கை. வயிற்றில் வைத்தாலே பெண்களுக்குப் பயம் போகும். வீடுகளுக்கு நான் போனேன். யார் வீட்டிலும் சம்மணம் போட்டு இருப்பேன், கொடுத்ததைத் தின்பேன். என் நாக்கைப் பற்றி யாரும் முறையிடவில்லை.

கடைசியாக விறாந்தையில் நின்று சொன்னேன்: பிள்ளை பெற்றவளுக்கு வேதுத்தண்ணி இங்கேயே வார்க்கலாம், சரக்குக்கறி கொண்டுவரலாம். புளியமரத்தடியில் கல் வைத்துத் தருகிறோம். இலையும் விறகும் வீட்டுக்காரர் கொண்டுவர வேண்டும். அடுப்பை வீட்டு ஆம்பிளைதான் மூட்ட வேண்டும். பெண்கள் தாயையும் பிள்ளையையும் பார்க்கட்டும். இந்தக் கடைசி ஒழுங்கு அக்காவின் யோசனை.

சனம் வரத் தொடங்கியது. முதலில் காட்டோரத்திலிருந்து ஒருத்தி, பிறகு வாய்க்கால் பக்கத்திலிருந்து ஒருத்தி. ஒரே விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, யார் பிள்ளை கூட அழுகிறது என்று சண்டை பிடித்தார்கள். இரண்டொரு வருடத்தில் கட்டில் போதாமல் பாய் விரித்தோம். நான் திங்கள்தோறும் வரிசையில் நின்று நல்லது சொன்னேன். சொல்லும்போதெல்லாம் என் மனதில் ஐயாவின் முகம்தான் இருந்தது. இதுவும் உமக்குப் போய்ச் சேரட்டும், இதுவும் போய்ச் சேரட்டும் என்று ஒவ்வொன்றாக அனுப்பினேன். அற்றென்டன் டவுனுக்குப் போய் வந்தால், "அவர் கேட்டவரோ? என்ன சொன்னவர்?" என்று யாழ்ப்பாணத்துப் பாஷையிலேயே விசாரிப்பேன்.

"ஒண்டும் சொல்லேல்லை மிஸ்ஸி. வெத்திலை போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர்" என்பார்.

வெற்றிலை போட்டாராம். அதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வருடங்கள் போயின. ஐயா ஓய்வு பெற்றார், டவுனிலேயே வீடு எடுத்து இருந்தார். நாடு கெட்டது. டவுனில் ஆமிக்காம்பைச் சுற்றி வெடிச்சத்தம், ரோட்டில் போனால் வருவோமா என்று தெரியாது, பெரிய ஆசுபத்திரிக்குப் போக வழியில்லை. அப்படியான ஒரு மாரிகாலத்தில், ஒரு வியாழக்கிழமை, ஒரு ட்ரக்ரர் பெட்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. மழைக்குப் படங்குச் சீலையால் மூடிய பெட்டிக்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் குடையோடு ஐயா.

என்ன சந்தோஷம் எனக்கு. மழையில் நனைந்துபோய், சேர்ட்டின் மடிப்பெல்லாம் குலைந்து, அந்த வாசலில் அவர் நின்ற நிற்பை இன்று நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கும். வந்தது அவருடைய ஒரே மகள். மனைவி செத்துவிட்டார். மருமகன் வெளிநாட்டில். அந்தப் பிள்ளையை உடனே உள்ளே கொண்டுபோய்ப் பெரிய மிஸ்ஸியிடம் விட்டோம். பிள்ளையில் பழி தீர்க்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஐயா பின்னாலே உள்ளே வரப் பார்த்தபோது யன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நம்பர் துண்டு எடுக்கணும். வரிசைல வாங்க."

"நான் ஆரெண்டு தெரியுமோ உனக்கு?"

"தெரியாமலா? நல்லாத் தெரியும். அதான் வரிசைல வரச் சொல்றேன்."

காட்டோரத்துப் பெண் ஒருத்தியின் பின்னால் அவர் நின்றார். அவள் இடுப்பிலிருந்த பிள்ளை அவருடைய கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. நான் அற்றென்டனைக் கூப்பிட்டு, ஐயாவுக்குப் பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கதைத்துக்கொண்டிருக்கும்படி அனுப்பினேன். வெள்ளி காலையில் பேரன் பிறக்கும்வரை அந்த மனிதருக்கு ஒரு நிமிடம் அமைதி கிடைத்திருக்காது. பிரசவம் லேசானதில்லை. பெரிய மிஸ்ஸி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்று பார்த்தார். தாயும் பிள்ளையும் சுகம். சமாசாரத்தை ஐயாவுக்குச் சொல்ல நான் அவசரப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேதுத்தண்ணி வார்க்கிற நாள். நான் நேரே அவரிடம் போனேன்.

"ஐயா, எல பறிச்சாச்சு. வெறகு வெளியில இருக்கு. போய் அடுப்பை மூட்டுங்க."

"நானோ?"

"இங்க அதுதான் வழக்கம். வீட்டு ஆம்பளைதான் மூட்டணும். மருமகன் இல்லையே."

சட்டியைக் கவிழ்த்தவருக்கு அடுப்பு. இதைவிடப் பொருத்தமாக நானே யோசித்திருக்கமாட்டேன். மாரி தொடங்கினால் புளியமரத்தடி எங்களுக்குப் பெரிய தலையிடி. விறகு ஊறிக் கிடக்கும். தகப்பன்மார் ஊதி ஊதிக் கண் சிவந்து, புகை விடுதிக்குள் போய்ப் பிள்ளைகள் இருமி, கடைசியில் வெதுவெதுப்பான தண்ணீரோடு வருவார்கள். எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் அந்த வேலை கைவரவில்லை. மண்ணெண்ணெய் கேட்டால் இல்லை என்று சொல்லும்படி மருந்து கலக்கிறவருக்குச் சொல்லிவிட்டு, யன்னலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். டொக்டர் ஐயா புகைக்குள் இருமுகிற காட்சியைப் பார்க்க வேண்டும்.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். ஒரு விறகை எடுத்து, கத்தியால் ஈரப்பட்டையைச் சீவி எறிந்தார். உள்வயிரத்தைச் சிராய் சிராயாக உரித்தார். தேங்காய்ப் பொச்சுமட்டையை உதறி நடுவில் வைத்து, காற்று வரும் பக்கம் பார்த்துக் கல்லை நகர்த்தினார். ஒரே நெருப்புக்குச்சி. ஊதுகுழல்கூட இல்லாமல், கையைக் குவித்து மெல்ல ஊதினார். பற்றியது. அண்டா தளதளவென்று கொதித்தது. பக்கத்து அடுப்பில் இருமிக்கொண்டிருந்த இளம் தகப்பனிடம், "விறகை உப்பிடித் திணிச்சால் மூச்சு முட்டும், தள்ளும்!" என்று ஏசிவிட்டு, அதையும் மூட்டிக் கொடுத்தார். புகை விடுதிப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. நான் கதிரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பரவாயில்லை. திங்கட்கிழமை இருந்தது.

அன்று விடிய நான் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டிக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதெல்லாம் வருடக்கணக்காகப் பாடமாக இருந்தது. அவருடைய குறைகள், ஒவ்வொன்றாக. வாங்குகள் நிறைந்தன. எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

"ஐயாவும் வந்து நில்லுங்க" என்றேன்.

அவர் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். நான் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். அவர் முன்னால் போனபோது பெரிய மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் இத்தனை வருடமாக யாரும் குறை கேட்டதில்லை. குறைகளை அடுக்குவதைவிட நல்ல யோசனை எனக்கு அப்போது வந்தது. சனத்தின் பக்கம் திரும்பினேன்.

"இவரு பெரிய டொக்டர். படிச்சவரு. இந்த ஆசுபத்திரியையே ஆண்டவரு. ஆனா இவருக்கு நல்லா வர்ற வேலை ஒண்ணே ஒண்ணுதான்" என்றேன். கொஞ்சம் நிறுத்தினேன். பிறகு கையைக் குவித்து, கன்னத்தை உப்பி, குந்தியிருந்து ஊதுவதுபோல் அவரை மாதிரியே செய்து காட்டினேன். "அடுப்பு ஊதுறது."

விறாந்தை வெடித்தது. வாய்க்கால் பக்கம், காட்டோரம், எல்லாச் சனமும் சிரித்தது. அற்றென்டன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவின் சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டிருக்கும். அந்தச் சிரிப்பு என் உடம்பெல்லாம் எண்ணெய் போல இறங்கியது. கிடைத்துவிட்டது. இதற்காகத்தான் நான் இருந்தேன். அனுபவித்து முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மிஸ்ஸி" என்றார். "அது எனக்கு நல்லா வரும். சின்ன வயசிலை அம்மா செத்துப்போனா. வீட்டிலை நான்தான் மூட்டுறனான், மாரியிலையும். அப்பு சோத்தைத் திண்டிட்டு உப்புக் காணாதெண்டு அடிப்பார். அடுப்பைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை. நீங்கள் கண்டு சொன்னியள்."

அவர் என்னை அதற்கு முன் மிஸ்ஸி என்று கூப்பிட்டதில்லை. சனத்தின் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. அந்த மனிதர் என் பகிடியை எடுத்துப் பாராட்டாக்கித் தன் மடியில் கட்டிக்கொண்டு, பேரனுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று பின்னால் போய்விட்டார்.

நான் விடவில்லை. புளியமரத்தடிக்குப் பின்னாலேயே போனேன்.

"ஐயா, ஒருநா கிளினிக்குல, எங்கம்மா உக்காந்திருக்க, கூடை சுமக்கிற மாதிரி ஆடிக்காட்டி என்னையப் பேசினீங்களே. அது ஞாபகம் இருக்கா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அதுதான் கொடுமை. விறகைக் கையில் வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, எனக்கு உதவி செய்கிற மாதிரி யோசித்தார்.

"நான் எல்லாரையும்தானே ஏசினனான்" என்றார். "எதெண்டு நினைக்க?"

அவ்வளவுதான். நான் இத்தனை வருடம் நெஞ்சில் வைத்து வளர்த்தது அவரிடம் இல்லவே இல்லை. மன்னிப்புக் கேட்க மறுத்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன். அவர் குனிந்து சிராய் உரித்தார். நான் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். இரக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில் அழுதேன்.

புதன்கிழமை மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போனார். தொலைந்தது என்று இருந்தேன். அடுத்த திங்கட்கிழமை நான் சைக்கிளை நிறுத்தும்போது விறாந்தையில் அவர் நின்றார். டவுனிலிருந்து காட்டுப்பாதையால் சைக்கிளில் வந்திருக்கிறார். கரியரில் காய்ந்த விறகுக் கட்டு, அதன் மேல் பொச்சுமட்டை. வரிசையின் கடைசியில், சாரத்தை மடித்துக் கட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"யாரு இவரை வரச் சொன்னது?" என்று அக்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"நீங்கதான்" என்றார் அக்கா. "போன கெழம எல்லார் முன்னாலயும் சொன்னீங்களே."

அவரைத் துரத்த ஒரு காரணம் தேடினேன். விடுதியில் அன்று நாலைந்து தாய்மார் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில் அவருக்கு முன்னால் வந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் விட்டால் அங்கேயே நின்றுவிடுவார் போல இருந்தது.

"ஐயாவுக்கு அடுப்பு" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வாங்குகளில் இருந்த பெண்கள் ஓம் என்று தலையாட்டினார்கள். ஈர விறகைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு தகப்பன், அவருக்குப் பின்னால் நடந்து போனான்.